பல்செட் கட்டியவர்களுக்கு முதல் மாதம் துணை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் டிரெஸ்ஸராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டங்கள் கைமாறின, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்தன, எங்கள் ஜனங்கள் டவுனைச் சுற்றியிருக்கும் தாமான் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் புண், காய்ச்சல், மாத்திரைச் சந்தேகம் என்றால் இன்றும் என் வீட்டு கேட்டில் வந்து நிற்கிறார்கள். அப்படி வருபவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மேலும் கீழும் முழுப் பல்செட் கட்டிய பெரியவர்கள், இரண்டு மூன்று வாரத்திலேயே அதைக் கழற்றி டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்கும் தைப்பூசத்துக்கும் மட்டும் வெளியே வருகிறது. மற்ற நாளெல்லாம் கஞ்சி, பிசைந்த சோறு, பால் தேநீரில் தோய்த்த பிஸ்கட். இவர்களில் பாதிப்பேருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது. கீரை, காய், மீன், கோழி எல்லாம் தட்டிலிருந்து போய், மாவும் சீனியும் மட்டும் மிஞ்சினால் அந்த உடம்பு என்ன ஆகும்? கிளினிக்கில் பல மாதம் காத்திருந்து, வேலைக்குப் போகும் மகனை லீவு போடச் சொல்லி, திரும்பத் திரும்ப அச்சு எடுத்து, மெழுகில் கடித்துப் பார்த்துச் செய்து வாங்கிய பல் அது. அலமாரியில் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை.

கேட்டால் ஒரே பதில்தான் வரும். “டிரெஸ்ஸர் ஐயா, அவங்க சரியா செய்யல. ஆடுது, வலிக்குது, பேச வரல.” சில செட் உண்மையிலேயே சரியாக அமையாமல் இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலும் பல்லில் குறை இல்லை. முதல் மாதம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. நானும் முழு செட் போட்டிருப்பவன், என் மனைவியும் அப்படித்தான். அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு, அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்களுக்கு, இது நன்றாகப் புரியும். கத்தியைக் கையில் கொடுத்த முதல் வாரமே பட்டை சீராக வந்துவிடாது. கத்தி மேல் குற்றமில்லை, கை படிய வேண்டும். பல்செட்டுக்கு நாக்கும் கன்னமும் உதடும் அப்படித்தான் படிய வேண்டும்.

போட்ட அன்றே வாய் நிறைய எச்சில் ஊறும். வாய்க்குள் வந்தது சாப்பாடு என்று உடம்பு நினைத்துக்கொள்வதால் வரும் எச்சில் அது. துப்பிக்கொண்டே இருக்காமல் விழுங்கிப் பழகினால் சில நாளில் தானாகக் குறையும். சிலருக்குக் குமட்டும். மூக்கால் மெதுவாக மூச்சு விட்டு, முதலில் கொஞ்ச நேரம், அப்புறம் கூடுதல் நேரம் என்று பழகலாம். வாயே பெரிதாகிவிட்டது போல, உதடு முன்னே தள்ளியது போலத் தோன்றும். பல் இல்லாமல் பல மாதம் உள்ளே ஒட்டிப்போயிருந்த முகம் பழைய இடத்துக்கு வருகிறது, அவ்வளவுதான்.

ஆடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அலமாரிக்குப் போவது பெரும்பாலும் கீழ் செட்டுதான். மேல் செட்டின் தட்டு அண்ணம் முழுவதையும் மூடியிருக்கிறது. தட்டுக்கும் சதைக்கும் நடுவே எச்சில் மெல்லிய படலமாகப் பரவி, ஓரத்தில் காற்று நுழையாமல் அடைபட்டு, உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. கீழ் செட்டுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. நடுவில் நாக்கு இருக்கிறது, உட்கார இருப்பதோ ஒரு ஒடுங்கிய ஈறு மேடு. பேசினாலும் கொட்டாவி விட்டாலும் நாக்கு அதைத் தூக்கும். பல் எடுத்த பிறகு தாடை எலும்பு வேறு கரைந்துகொண்டே போகிறது. முதல் ஆறு மாதம், ஒரு வருடம் வரை வேகமாகவும், அப்புறம் ஆயுள் முழுக்க மெதுவாகவும் கரையும். கீழ்த்தாடையில் அந்தத் தேய்மானம் மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என்று பல் மருத்துவப் பாடங்களில் சொல்கிறார்கள். ஆகவே கீழ் செட் ஆடுவது எல்லாருக்கும் உள்ளதுதான். நாக்கின் நுனியைக் கீழ் முன்பற்களின் உள்பக்கம் லேசாகத் தொட்டபடி வைத்துப் பழகுங்கள். செட் உட்கார்ந்துகொள்ளும். எனக்குப் பெரிய உதவியாக இருந்தது இந்த ஒரு பழக்கம்தான்.

பல் எடுத்தவுடன் ஏன் கட்டித் தரவில்லை, ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று கோபப்படுவதற்கும் இதுவே பதில். ஈறு ஆறாமல், எலும்பின் முதல் தேய்மானம் அடங்காமல் கட்டினால் சீக்கிரமே தொளதொளத்துவிடும். பத்து வருடம் முன்பு இறுக்கமாக இருந்த செட் இன்று ஆடுவதற்கும் அதுதான் காரணம். அப்படி ஆடினால் பசையை அப்பிக்கொண்டு காலம் தள்ள வேண்டாம். உள்பக்கத்தில் புதிதாக அக்ரிலிக் சேர்த்து இன்றைய ஈறுக்குப் பொருத்தித் தருவார்கள். அதற்கும் சரிப்படாவிட்டால் புது செட் கேட்கலாம்.

இன்னொன்று வாய் காய்ந்து போவது. ரத்த அழுத்தத்துக்கும் இன்னும் சில நோய்களுக்கும் தரும் மாத்திரைகளில் பல, எச்சிலைக் குறைப்பவை. எச்சில் இல்லாவிட்டால் மேல் செட்டும் பிடிக்காது, ஈறும் உரசிப் புண்ணாகும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

புண் வரும். முதல் இரண்டு வாரத்தில் ஏதாவது ஒரு இடத்தில் உரசிப் புண்ணாவது எல்லாருக்கும் நடப்பது. அதற்காகத்தான் திரும்ப வரச் சொல்லித் தேதி எழுதிக் கொடுக்கிறார்கள். எங்கள் தாமானில் ஒரு பெரியவர் மணல் தாளால் தேய்த்துப் பார்த்தார். ஓரத்தின் அடைப்புப் போய், அந்த மேல் செட் அப்புறம் நிற்கவே இல்லை. தயவுசெய்து வீட்டில் அரத்தையும் மணல் தாளையும் எடுக்காதீர்கள். வலி தாங்கவில்லையென்றால் கழற்றி வைத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். ஆனால் கிளினிக்குக்குப் போகிற நாளுக்கு முந்திய நாளிலிருந்தாவது போட்டுக்கொண்டு போங்கள். எங்கே அழுத்துகிறது என்ற சிவப்புத் தடம் இருந்தால்தான் மருத்துவர் அந்த இடத்தை மட்டும் சரியாகச் செதுக்க முடியும். புண் ஆறிப்போய், பல்லைப் பையில் போட்டு எடுத்துப் போனால் அவருக்கு என்ன தெரியும்?

சாப்பாட்டில் அவசரம் கூடாது. முழு செட்டால் கடிக்கும் பலம் சொந்தப் பல்லின் பலத்தில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்றுதான் இருக்கும். முதலில் குழைந்த சோறு, பருப்பு, இடியாப்பம், சாம்பாரில் ஊறிய தோசை, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன். அப்புறம் சிறு துண்டுகளாக நறுக்கிய கோழி, வெந்த காய். முன்பல்லால் கடித்து இழுத்தால் பின்பக்கம் செட் தூக்கிக்கொள்ளும். அதனால் சோளத்தையும் ஆப்பிளையும் கத்தியால் நறுக்கித்தான் சாப்பிட வேண்டும். வாயின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மென்றால் செட் சாயாது. கொய்யா விதையும் தக்காளி விதையும் தட்டுக்கு அடியில் புகுந்து உயிரை வாங்கும், எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். முறுக்கும் வறுத்த கச்சான் கடலையும் பல மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். முக்கியமாகச் சூட்டைக் கவனியுங்கள். அண்ணம் மூடியிருப்பதால் தேநீரின் சூடு வாயில் சரியாகத் தெரியாது, தொண்டையில் போய்ச் சுடும்.

பேச்சுக்கு நான் சொல்லும் மருந்து உங்கள் பத்திரிகைதான். தினமும் ஒரு பக்கத்தை உரக்க, மெதுவாகப் படிக்க வேண்டும். ச, ஸ, த வரும் சொற்களில்தான் விசில் சத்தமும் தடுமாற்றமும் வரும். எந்தச் சொல் தட்டுகிறதோ அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நான் மாலையில் வீட்டு முன்நடையான ஐந்தடியில் உட்கார்ந்து மரணச் செய்தி முதல் தலையங்கம் வரை மனைவிக்குப் படித்துக் காட்டினேன், அவர் எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு பேருக்கும் பேச்சு படிந்தது. இங்கே பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். தாத்தா விசிலடிக்கிறார், பாட்டிக்குப் பல் தொங்குகிறது என்று சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரித்தால் போதும், அந்தப் பல் அன்றோடு அலமாரிக்குப் போய்விடும். அவர்களோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள், இறைச்சியைச் சிறிதாக நறுக்கிக் கொடுங்கள், கிளினிக் தேதியை உங்கள் கைப்பேசியில் குறித்து வையுங்கள். முதல் மாதத்தில் பெரியவர்களுக்கு வேண்டியது இந்தத் துணைதான்.

இரவில் கழற்ற வேண்டும். நம் பெண்களில் பலர் கணவர்கூடப் பல்லில்லாத முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நாள் முழுக்க, ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் வாயைத் திறந்து பார்த்தால் தட்டு இருந்த அளவுக்கு அண்ணம் செக்கச் செவேல் என்று இருக்கும். தட்டுக்கு அடியில் பூஞ்சைக் கிருமி பெருகி வரும் அழற்சி அது. வலிப்பதில்லை என்பதால் தெரியாமலே இருக்கும். வாயின் ஓரம் வெடிப்பதற்கும் சில நேரம் அதே பூஞ்சைதான் காரணம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது எளிதில் வரும். ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரைக் கவனித்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நுரையீரல் காய்ச்சல் வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. வெட்கப்படுகிற அம்மாக்களே, உங்கள் வீட்டுக்காரருக்கு உங்கள் முகம் புதிது இல்லை. ஈறுக்கும் ஓய்வு கொடுங்கள்.

கழற்றியதை உலர விடக் கூடாது. காய்ந்தால் உருவம் கொஞ்சம் மாறும். மூடி போட்ட டப்பாவில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, அதில் வைக்க வேண்டும். சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கிருமி சாகும் என்று நினைத்துச் செய்கிறார்கள், அக்ரிலிக் வளைந்துபோகிறது. இந்த அக்ரிலிக் வந்ததே 1930களின் கடைசியில்தான். அதற்கு முன்பு பல்செட்டின் ஈறு பாகத்தைக் கந்தகம் கலந்து இறுக்கிய ரப்பரில் செய்தார்கள். 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒரு மரம் இன்னும் நின்றுகொண்டிருக்கும் கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர். நம் பாட்டன் பாட்டிகள் விடியலில் எழுந்து வெட்டிய பாலில் ஒரு துளி எந்த நாட்டிலோ யார் வாயிலோ பல்லைத் தாங்கியிருக்கும் என்பதை நினைத்தால், அவர்கள் பிள்ளைகளான நாம் நல்ல பல்லோடு சாப்பிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் கூடுகிறது.

கழுவுவதற்குப் பெரிய செலவு இல்லை. சாப்பிட்டதும் தண்ணீரில் அலச வேண்டும். தினமும் மெல்லிய பிரஷ்ஷில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, உள்ளும் புறமும் தேய்த்து நன்றாக அலச வேண்டும். பற்பசை சொரசொரப்பானது, கீறல் விழும், கீறலில் அழுக்கும் கிருமியும் தங்கும். உமிக்கரி, சாம்பல், உப்பு எல்லாம் அதைவிட மோசம். தொட்டியில் தண்ணீர் நிரப்பியோ துண்டு விரித்தோ அதன் மேல் வைத்துக் கழுவினால், கை நழுவினாலும் உடையாது. சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் போன செட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். உடைந்ததைக் கடையில் விற்கும் கம்மால் ஒட்டாதீர்கள், அப்புறம் மருத்துவராலும் துண்டுகளைச் சரியாகச் சேர்க்க முடியாது. போலிடென்ட் போன்ற மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்துச் செட்டை ஊறவைக்கலாம், ஆனால் அதுவும் தேய்ப்பதற்கு ஈடாகாது. ஊறிய செட்டை நன்றாக அலசிய பிறகே வாயில் வைக்க வேண்டும். மறதி உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அந்த மாத்திரையைக் கைக்கு எட்டாமல் வையுங்கள், சாப்பிடும் மாத்திரை என்று எடுத்து விழுங்கிவிடுவார்கள். செட்டைக் கழற்றியதும் ஈறையும் நாக்கையும் ஈரத்துணியாலோ மெல்லிய பிரஷ்ஷாலோ துடைக்க வேண்டும்.

“பல்லே இல்லை, இனி பல் டாக்டரிடம் எனக்கு என்ன வேலை?” என்று கேட்கும் வெற்றிலை போடும் அம்மாக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் வாய்ப்புற்று இந்தியர்களிடையேதான் அதிகம். தோட்டத்து வாழ்க்கையோடு ஒட்டிவந்த வெற்றிலை பாக்குப் பழக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்று வரவழைக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலிலேயே சொல்லிவிட்டது. பல்செட் உரசிய புண் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் தடிப்பு, சிவப்புத் திட்டு எதுவானாலும் உடனே காட்டுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்து பல் கட்டித் தருகிறேன் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரே நாளில் வேலை முடியும், விலையும் குறைவு என்று வேர் எடுக்காத ஈறின் மேலேயே அக்ரிலிக்கை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். கழற்ற முடியாது, கழுவ முடியாது, உள்ளே சீழ் பிடிக்கிறது. பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்தால் 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி 300,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். சட்டம் அவ்வளவு கடுமையாக இருப்பது உங்கள் வாய்க்காகத்தான்.

மருத்துவமனை வார்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் அக்காவை அறுவை சிகிச்சைக்குச் சேர்த்தபோது, விதிப்படி பல்செட்டைக் கழற்றச் சொன்னார்கள். அவர் டிஷ்யூவில் சுற்றித் தட்டில் வைத்தார். சாப்பாட்டுத் தட்டோடு அது குப்பைக்குப் போனது. எந்த மருத்துவமனை என்று சொல்லி யாரையும் குறைகூற நான் வரவில்லை, வார்டில் நர்சுகளுக்கு இருக்கும் வேலை எனக்குத் தெரியும். ஆனால் உடம்பு தேற நன்றாகச் சாப்பிட வேண்டிய நேரத்தில் அக்கா வெறும் கஞ்சியோடு கிடந்தார். மகன் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். பல்செட் உள்ள நோயாளி வந்தால் பெயர் ஒட்டிய மூடி டப்பா ஒன்றைக் கொடுத்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் இது நடக்காது. குடும்பத்தாரும் வீட்டிலிருந்தே அப்படி ஒரு டப்பாவில் பெயரையும் வார்டு எண்ணையும் எழுதிக் கொண்டுபோங்கள். புது செட் செய்யும்போது உள்ளே பெயரைப் பதித்துத் தர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். முதியோர் இல்லங்களுக்கு இது மிகவும் அவசியம்.

கடைசியாக, பல் மருத்துவக் கிளினிக்குகளை நடத்துபவர்களுக்கு ஒரு கோரிக்கை. கிளினிக்கில் பொறுமையாகத்தான் சொல்கிறார்கள். எங்கள் பெரியவர்களுக்குப் பேச்சு மலாய் புரியும், ஆனால் பல் போட்ட பதற்றத்தில் கேட்டதில் பாதி வீடு வருவதற்குள் மறந்துபோகும். கையில் தரும் தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பதால் அதை மடித்து வைத்துவிடுகிறார்கள். இவர்களில் பலர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், தமிழ் நன்றாகப் படிப்பார்கள். பெரிய எழுத்தில், ஒரே தாளில், படத்தோடு தமிழில் ஒரு குறிப்பு இருந்தால் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள். எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். சரிபார்த்துக் கொடுக்கத் தமிழ் தெரிந்த பல் மருத்துவர் ஒருவர் முன்வந்தால் போதும், அச்சுச் செலவை எங்கள் தாமான் கோயில் நிர்வாகத்தில் கேட்டுப் பார்க்கிறேன். முன்வருகிறவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், எனக்குத் தெரிவிக்கும்படி ஆசிரியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தோட்ட டிரெஸ்ஸர்,
சுங்கை சிப்புட், பேராக்.